லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் வைஃபை வரவில்லையா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

குடியாத்தத்தில் இருக்கும் அக்கா மகளுக்குக் கல்லூரி திறக்கும் நேரத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினோம். 9,500 ரூபாய். அதில் விண்டோஸ் திறந்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் வைத்து டீயே போட்டுவிடலாம். "லினக்ஸ் போட்டுத் தரேன், அப்புறம் பாரு" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளம்தான் லினக்ஸ். போட்டதும் லேப்டாப் நன்றாகத்தான் ஓடியது. மேல் மூலையில் வைஃபை குறி மட்டும் இல்லை. "நெட்டே இல்லாம இத வச்சிக்கினு நான் இன்னா மாமா பண்றது?" என்றாள்.

அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. வழி தெரிந்த பிறகு, வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு நண்பரின் லேப்டாப்பில் அதே வேலையை நாற்பது நிமிடத்தில் முடித்தேன். உங்களுக்கும் நாற்பது நிமிடம் போதும். லினக்ஸ் வகைகளில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். டெபியன் என்ற இன்னொரு வகையில் மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன். பீரோவில் தூங்கும் பழைய அரசு இலவச லேப்டாப்புக்கும் இதே வழிதான்.

ஒரு விஷயம். கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். "இடைவெளி" என்றால் ஸ்பேஸ் பார். குடியாத்தத்துக்குப் போனில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஆண்ட்ராய்டு போன், அதற்கு டேட்டா கேபிள், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. கேபிள் விஷயத்தில் கவனம். பஸ் ஸ்டாண்டு பக்கம் 60 ரூபாய்க்கு வாங்கிய கேபிளில் சார்ஜ் மட்டும் ஏறியது, டேட்டா போகவில்லை. அரை நாள் போனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். போனை மாட்டினால் லேப்டாப்பில் போனின் ஃபோல்டர்கள் தெரிகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். தெரிந்தால் கேபிள் நல்ல கேபிள்.

பேப்பர்களில் இரண்டு முக்கியம். ஒன்று, லேப்டாப்பின் பில். வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் பின்மூடியைக் கழற்றும் யோசனையே வேண்டாம். இரண்டாவது, விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பிட்லாக்கர் மீட்புச் சாவி. பிட்லாக்கர் என்பது விண்டோஸ் டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி, அதைத் திறக்கும் 48 இலக்க எண் அது. புது லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே பிட்லாக்கர் போட்டுவைத்திருப்பார்கள். பயாஸில் (லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) ஏதாவது மாற்றிய பிறகு விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டால், கையில் இல்லாதபோது உள்ளே இருக்கும் ஃபைல் எதையும் எடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைப் பேப்பரில் எழுதிக்கொண்டு வந்து உட்காருங்கள். போட்டோ எடுத்து அதே லேப்டாப்பில் வைக்கிறவர்களும் உண்டு, அவர்களை என்ன சொல்வது.

நேரம்: காலையில் தொடங்குங்கள். பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்காது. டிரைவர் (வைஃபை கார்டை லினக்ஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதியில் நிற்கும். மே மாத மத்தியானம் வேலூரில் கரண்டை நம்பி உட்காராதீர்கள். அப்படி நின்றுபோனால் பயப்பட ஒன்றுமில்லை. டெர்மினலை (கட்டளை தட்டும் ஜன்னலை) திறந்து "எஸ்-யு-டி-ஓ (இனிமேல் சுடோ), இடைவெளி, டி-பி-கே-ஜி, இடைவெளி, இரண்டு ஹைஃபன், கான்ஃபிகர், இடைவெளி, ஹைஃபன் ஏ" என்று கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

2. போடும் முன்பே பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

இதை நான் செய்யவில்லை. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளை வைத்து லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் திறக்கலாம். "டிரை உபுண்டு" என்று கேட்கும், அதைக் கொடுங்கள். ஹார்டு டிஸ்கில் எதுவும் மாறாது. அங்கேயே வைஃபை பெயர்கள் தெரிந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு தைரியமாக லினக்ஸைப் போடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கடையிலேயே பென் டிரைவை மாட்டிப் பார்ப்பது நல்லது. பத்து நிமிட வேலை.

போடும்போது "மூன்றாம் தரப்பு மென்பொருளையும் சேர்க்கவா" என்று உபுண்டுவில் ஒரு கட்டம் வரும். அதில் டிக் போடுங்கள். டெபியன் என்றால் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ எடுங்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரை (கார்டுக்குள் ஓடும் மென்பொருளை) தனியாகத் தேடி எடுத்துவர வேண்டும். 12-லிருந்து அது கூடவே வருகிறது.

3. சுவிட்சு அணைந்திருக்கிறதா?

சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்குப் பிரச்சினை இதுதான். கீபோர்டில் மேல் வரிசையில் விமானப் படமோ ஆன்டெனா படமோ போட்ட பட்டன் இருக்கும். எஃப்என் பட்டனோடு சேர்த்து அதை ஒருமுறை அழுத்துங்கள். பழைய மாடல்களில் பக்கவாட்டில் தள்ளும் சுவிட்சே இருக்கும்.

அப்புறம் டெர்மினலில் "ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல், இடைவெளி, எல்-ஐ-எஸ்-டி". வரும் பட்டியலில் "சாஃப்ட் பிளாக்டு: எஸ்" என்றிருந்தால் மென்பொருள் அணைத்திருக்கிறது. "சுடோ, இடைவெளி, ஆர்எஃப்கில், இடைவெளி, அன்பிளாக், இடைவெளி, ஆல்" என்று கொடுத்தால் போதும். "ஹார்டு பிளாக்டு: எஸ்" என்றிருந்தால் சுவிட்சோ பட்டனோ பயாஸோ அணைத்திருக்கிறது. கட்டளை எத்தனை முறை போட்டாலும் அது திறக்காது.

விண்டோஸும் கூட இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஒரு தொல்லை. விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் லேப்டாப் முழுசாக அணையாது. வைஃபை கார்டு அரைத்தூக்கத்தில் இருக்கும்போது லினக்ஸ் வந்து எழுப்பினால் எழுந்திருக்காது. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அதற்குப் பிறகு லினக்ஸில் வைஃபை வந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள்.

4. வைஃபை சிப்பின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

எல்லாமே இந்த எண்ணில்தான் இருக்கிறது. லேப்டாப் என்ன கம்பெனி, என்ன மாடல் என்று சொல்லித் தேடினால் காட்டுக்குள் போய்விடுவீர்கள். ஒரே மாடலில் வெவ்வேறு வைஃபை கார்டு போட்டு விற்பது சாதாரணம்.

டெர்மினலில் "எல்-எஸ்-பி-சி-ஐ, இடைவெளி, ஹைஃபன், என்-என்-கே". நிறைய வரிகள் ஓடும். "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று வரும் வரியைப் பிடியுங்கள். "ஈதர்நெட் கன்ட்ரோலர்" என்று வருவது கேபிள் நெட்டுக்கானது, அதை விடுங்கள். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று ஒரு எண் இருக்கும். அதைப் பேப்பரில் எழுதுங்கள். முதல் நான்கு எழுத்து சிப் கம்பெனி: 8086 என்றால் இன்டெல், 10ஈசி ரியல்டெக், 14ஈ4 பிராட்காம், 168சி அதெராஸ், 14சி3 மீடியாடெக்.

அந்த வரிக்குக் கீழேயே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, கோளாறு வேறு எங்கோ. இல்லையென்றால் டிரைவர்தான் இல்லை. நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியே காணவில்லை என்றால் "எல்-எஸ்-யு-எஸ்-பி" போட்டுப் பாருங்கள், சில லேப்டாப்களில் கார்டு உள்ளுக்குள் யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கும்.

இனி உங்கள் சிப்பைப் பொறுத்தது. இன்டெல், அதெராஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், டிரைவர் கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதியிலேயே) இருக்கிறது. அப்படியும் வரவில்லை என்றால் லினக்ஸ் பழையதாக இருக்கும். இன்டெல் ஏஎக்ஸ்210-க்குக் கெர்னல் 5.10, மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12, ரியல்டெக் 8852பிஈ-க்கு 6.2 வேண்டும். புது லேப்டாப்பில் பழைய உபுண்டுவைப் போட்டுவிட்டு டிரைவர் தேடி அலையாதீர்கள். 2024-இல் வந்த உபுண்டு 24.04-இல் கெர்னல் 6.8 இருக்கிறது, அதைப் போட்டால் இந்த மூன்றும் தானாக வரும். பிராட்காம்தான் தனிக்கதை. அதற்கு வெளியிலிருந்து டிரைவர் ஏற்ற வேண்டும். எங்கள் லேப்டாப்பில் இருந்தது 14ஈ4 முக்காற்புள்ளி 4365, அதாவது பிசிஎம்43142.

இந்த எண் கையில் இல்லாமல்தான் நான் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கார்டு பூட்ச்சிண்ணா, மாத்தணும். 1,800 ஆவும்" என்றான். முந்தின நாள் விண்டோஸில் ஓடிய கார்டு ராத்திரியோடு ராத்திரியாக எப்படிப் போகும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. டீ குடித்துவிட்டு யோசிக்கும்போதுதான் தோன்றியது.

5. போனைக் கேபிளில் மாட்டி நெட் கொண்டுவாருங்கள்

டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலைப் போன் அவிழ்க்கும். போனை மாட்டி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் "யுஎஸ்பி டெதரிங்" என்பதைத் திறந்துவிடுங்கள். லேப்டாப்பில் கேபிள் நெட் போல உடனே வந்துவிடும், எந்த டிரைவரும் கேட்காது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும், டேட்டா பேக்கும் செலவாகாது.

வீட்டில் வைஃபை இல்லை, தினசரி 1.5 ஜிபி பேக்தான் என்றால் ஒரு எச்சரிக்கை. நெட் வந்ததும் லினக்ஸ் "அப்டேட் இருக்கிறது, போடவா" என்று கேட்கும். இப்போது வேண்டாம். ஃபர்ம்வேர் பொட்டலம் ஒன்றே அரை ஜிபி பக்கம் வரும். "சுடோ, இடைவெளி, ஏ-பி-டி, இடைவெளி, அப்டேட்" மட்டும் கொடுங்கள். அது பட்டியலை மட்டும் புதுப்பிக்கும், சில பத்து எம்பியில் முடியும்.

6. டிரைவர் ஏற்றுவது, அந்த நீலத் திரை

உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்", மின்ட்டில் "டிரைவர் மேனேஜர்". திறந்தால் ஒரு நிமிடம் தேடும். பிராட்காம் பெயரில் ஒரு வரி வரும், அதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். டெபியனில் நான்-ஃப்ரீ பகுதியைத் திறந்து "பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்" என்ற பொட்டலத்தோடு கெர்னல் ஹெட்டர்ஸையும் சேர்த்துப் போட வேண்டும். ஹெட்டர்ஸ் இல்லாமல் போட்டால் டிரைவர் உருவாகாது.

செக்யூர் பூட் (அனுமதி இல்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் லேப்டாப் என்றால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், குறைந்தது 8 எழுத்து. இது லாகின் பாஸ்வேர்டு இல்லை, ஒரே ஒரு முறைக்கானது. எழுதிக்கொள்ளுங்கள்.

என் மூன்று வாரம் போனது இங்கேதான். முதல் ஞாயிறு டிரைவர் போட்டேன், பாஸ்வேர்டு கேட்டது, ஏதோ ஒன்றைத் தட்டினேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன். வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது, எழுந்து போனேன். திரும்பி வந்தபோது லாகின் திரை நின்றது, வைஃபை இல்லை. டிரைவர் சரியில்லை போல என்று இரண்டாம் ஞாயிறு எங்கெங்கோ படித்து இன்னும் இரண்டு டிரைவர்களை ஏற்றினேன். அதில் ஒன்று பி43 என்ற டிரைவர், அது 4311, 4318 போன்ற மிகப் பழைய பிராட்காம் சிப்புகளுக்கானது. ஒரே கார்டுக்கு மூன்று டிரைவர் அடித்துக்கொண்டதில் நிலைமை இன்னும் மோசமானது. மூன்றாம் ஞாயிறு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லினக்ஸை முதலிலிருந்து போட்டு, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பார்த்தேன்: திரை முழுக்க நீலமாகி, "ஏதாவது ஒரு பட்டனை அழுத்து" என்று 10-லிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. அழுத்தாவிட்டால் சத்தமில்லாமல் லினக்ஸுக்குள் போய்விடும். முந்தைய வாரங்களில் நான் பார்க்காமல் விட்டது அந்தப் பத்து விநாடியைத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு பட்டனை அழுத்துங்கள். வரும் பட்டியலில் "என்ரோல் எம்ஓகே", அடுத்து "கன்டினியூ", அடுத்து "எஸ்". எழுதிவைத்த பாஸ்வேர்டைத் தட்டுங்கள். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது அப்படித்தான். கடைசியாக "ரீபூட்". முதல் வரியில் இருக்கும் "கன்டினியூ பூட்"டைப் பழக்கத்தில் அழுத்திவிட்டால் பழைய கதைதான்.

திரையைத் தவறவிட்டவர்கள் டிரைவரை அழிக்க வேண்டாம். "சுடோ, இடைவெளி, அப்டேட் ஹைஃபன் செக்யூர்பூட் ஹைஃபன் பாலிசி, இடைவெளி, இரண்டு ஹைஃபன், என்ரோல் ஹைஃபன் கீ" என்று கொடுத்துப் புதுப் பாஸ்வேர்டு வைத்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை மறுபடி வரும். லினக்ஸ் மட்டும் இருக்கும் லேப்டாப் என்றால் பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது சுலபம். விண்டோஸும் இருந்தால் முதலில் அந்த 48 இலக்க எண் பேப்பரில் இருக்கிறதா பாருங்கள்.

7. குறி வந்தது, நெட் வரவில்லை

புது ஃபைபர் ரூட்டர்கள் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் காட்டும், ஒன்றின் கடைசியில் 5ஜி (5 கிகாஹெர்ட்ஸ்) என்றிருக்கும். 43142 போன்ற பழைய சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5ஜி பெயர் பட்டியலில் வராது, அது கோளாறு இல்லை. இன்னொரு பக்கம் பார்த்தால், கொசப்பேட்டை மாதிரி இடத்தில் தடிமனான சுவர் வைத்த பழைய வீடுகளில் உள் அறைவரை போய்ச் சேருவதும் 2.4 தான். ரூட்டரின் பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்திருந்தால் இந்தப் பிராட்காம் டிரைவர் இணையாது, டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள்.

ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சிக்னல் வருகிறது, சிப் ரியல்டெக் 8723பிஈ என்றால், டிரைவர் தவறான ஆன்டெனாவைப் பிடித்திருக்கிறது. ஈ-டி-சி-க்குள் இருக்கும் "மோட்புரோப்.டி" ஃபோல்டரில் ஒரு ஃபைல் உண்டாக்கி, "ஆப்ஷன்ஸ், இடைவெளி, ஆர்டிஎல்8723பிஈ, இடைவெளி, ஏ-என்-டி அடிக்கோடு எஸ்-ஈ-எல் சமக்குறி 2" என்று எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2-க்கு வரவில்லை என்றால் 1.

கொஞ்ச நேரம் ஓடி அப்புறம் தூங்குகிறது என்றால் மின்சேமிப்பு. அதே ஈ-டி-சி-க்குள் நெட்வொர்க்மேனேஜர் ஃபோல்டரில் "கான்ஃப்.டி"க்குள் பவர்சேவ் என்று பெயர் வரும் ஃபைலில் 3 என்பதை 2 ஆக்குங்கள்.

8. ஹாஸ்டல் வைஃபை

வெளியூரிலிருந்து காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் படிக்க வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டும் கேட்கும் வைஃபை என்றால் பாதுகாப்பு வகையில் எண்டர்பிரைஸ், அடுத்து பீப் (பி-ஈ-ஏ-பி), உள்ளே எம்எஸ்சாப் வி2 என்பதுதான் பெரும்பாலும். சான்றிதழ் ஃபைல் கேட்கும் இடத்தில் "தேவையில்லை" என்று டிக் போட்டால் வேலை நடந்துவிடும். ஆனால் அதே பெயரில் வேறு யாராவது வைஃபை திறந்து வைத்தால் உங்கள் பாஸ்வேர்டு அவர்களிடம் போகலாம். கல்லூரி கம்ப்யூட்டர் பிரிவில் சான்றிதழ் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

எம்ஏசி எண் (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள அடையாள எண்) எழுதிக்கொடுக்கச் சொல்லும் இடங்களில் வைஃபை கார்டின் எண்ணைக் கொடுங்கள். கேபிள் போர்ட்டுக்கு வேறு எண், டாங்கிளுக்கு (யுஎஸ்பியில் மாட்டும் வைஃபை கருவிக்கு) வேறு எண். எதை வைத்து இணையப் போகிறீர்கள் என்று முடிவான பிறகே படிவத்தை நிரப்புங்கள், இல்லையென்றால் ஐடி கார்டு நகலோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

லாகின் பக்கம் திறக்கவே இல்லை என்றால் லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் உள்ளிருக்கும் பட்டன் செல் தீர்ந்துபோய்த் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். சான்றிதழ் எதுவும் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். தேதியைக் கையால் மாற்றினால் பக்கம் திறக்கும்.

9. டாங்கிள் வாங்குவதா, கார்டு மாற்றுவதா

இரண்டுமே கடைசி வழி. இரண்டாம் ஞாயிறு தோற்ற கோபத்தில், காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 450 ரூபாய்க்கு ஒரு டாங்கிள் வாங்கினேன். டப்பாவில் லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு சிடி, அதில் கெர்னல் 2.6 காலத்து டிரைவர். லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது.

வாங்கினால் சிப் எண் கேட்டு வாங்குங்கள். மாடல் பெயரையும் நம்ப முடியாது. டிபி-லிங்க் 722என் டாங்கிளில் முதல் பதிப்பில் அதெராஸ் சிப், அடுத்த பதிப்பிலிருந்து ரியல்டெக். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று. சில டாங்கிள்கள் மாட்டியதும் வைஃபையாகத் தெரியாமல் ஒரு டிஸ்காகத் தெரியும். ஃபைல் மேனேஜரில் அதை எஜெக்ட் செய்தால் வைஃபையாக மாறிவிடும்.

உள்கார்டை மாற்றுவதானால், வாரண்டி முடிந்த லேப்டாப்பில் மட்டும். இன்டெல் ஏஎக்ஸ்200 கேளுங்கள். ஏஎக்ஸ்201 பார்க்க அச்சாக அதேபோல இருக்கும், ஆனால் அதற்கென்று அமைந்த இன்டெல் லேப்டாப்களில்தான் ஓடும். பழைய லேப்டாப்பில் ஸ்லாட்டின் அளவே வேறாக இருக்கும், ஆன்டெனா ஒயரின் முனையும் பொருந்தாது. பழைய கார்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய்க் காட்டி வாங்குவதுதான் சரி.

10. கெர்னல் அப்டேட் ஆனதும் வைஃபை காணாமல் போனால்

வெளியிலிருந்து ஏற்றிய டிரைவர் ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் புதிதாக உருவாக வேண்டும். எப்போதாவது அது தவறும். லேப்டாப்பைத் திறக்கும்போது லோகோ வந்து போனதும் எஸ்கேப் பட்டனை ஒருமுறை தட்டுங்கள். "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" உள்ளே முந்தைய கெர்னல் இருக்கும், அதில் திறந்தால் வைஃபை பழையபடி வரும். அன்றைய வேலையை முடித்துவிட்டு, நிதானமாகப் போனைக் கேபிளில் மாட்டி டிரைவரை மறுபடி ஏற்றுங்கள். இடத்தை அடைக்கிறதே என்று பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள்.

போன செமஸ்டரில் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, "அப்டேட் போடவான்னு கேக்குது மாமா" என்று குடியாத்தத்திலிருந்து போன் வந்தது. "வெள்ளிக்கிழமை பரீட்சை முடியட்டும், அப்புறம் போடு. கேபிளைப் பக்கத்துல வச்சிக்கோ" என்றேன்.